ராக்டைம் என்றால் என்ன? ஸ்காட் ஜோப்ளினிலிருந்து ஒரு தொடக்கம்

‘தி என்டர்டெய்னர்’ என்ற பெயரை அறியாதவர்களுக்கும் அந்த மெட்டு தெரிந்திருக்கும். அமெரிக்கத் தெருக்களில் ஐஸ்கிரீம் வண்டி வரும்போது ஒலிப்பது பல ஊர்களில் அதுதான். பியானோ கற்பவர்களின் பயிற்சிப் புத்தகங்களில் எளிமையாக்கிய வடிவில் அடிக்கடி தென்படுவதும் அதுதான். 1902-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அச்சான பியானோ இசை அது. எழுதியவர் ஸ்காட் ஜோப்ளின் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கர். அவருடைய அப்பா அடிமையாக இருந்து விடுதலையானவர்.

அந்த இசை வகைக்கு ராக்டைம் என்று பெயர். 1897 வாக்கில் அச்சுக்கு வந்தது. 1917 வாக்கில் ஜாஸுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. கோலோச்சிய காலம் இருபதே ஆண்டுகள். புதிதாகக் கேட்க வருபவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு: ஜோப்ளினின் ராக்டைம் எழுதப்பட்ட இசை. மேடையில் மனோதர்மமாக வாசிக்கும் ஜாஸ் வேறு, இது வேறு. ஒவ்வொரு சுரமும் தாளில் இருக்கிறது. அதை எழுதியபடி, அவசரப்படாமல் வாசிக்க வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். அவர் முன்னுக்கு வந்தது, நொடிந்தது, இறந்து அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் உலகுக்குத் தெரியவந்தது எல்லாமே அந்தத் தாளை வைத்துத்தான்.

இடது கை ஒரு கணக்கு, வலது கை ஒரு கணக்கு

ராக்டைமின் அடிப்படையைப் பியானோ இல்லாமலே புரிந்துகொள்ளலாம். தொடையில் தாளம் போடத் தெரிந்தால் போதும். பெரும்பாலான ராக்டைம் இசை ஒரு பாருக்கு, அதாவது தாளில் இரண்டு நேர்க்கோடுகளுக்கு இடையிலான ஒரு தாளப் பகுதிக்கு, இரண்டு அடி என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஒவ்வொரு அடியையும் சதுஸ்ர நடைபோல நான்காகப் பிரித்தால், ஒரு பாரில் மொத்தம் எட்டு மாத்திரை.

இடது கையின் வேலை இந்த எட்டையும் சீராகப் பிடித்து வைப்பது. 1-ஆம், 5-ஆம் மாத்திரைகளில் அடித்தட்டில் ஒரு கனமான சுரம், அதுதான் அடிநாதம். பெரும்பாலும் அது ஆக்டேவாக, அதாவது ஒரே சுரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து விழும். 3-ஆம், 7-ஆம் மாத்திரைகளில் கை மேலே தாவி, நடு ஸ்தாயியில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, அழுத்தும். கீழே, மேலே, கீழே, மேலே. அணிவகுப்புகளில் ஊதுகுழல் பேண்டு வாசிக்கும் ‘மார்ச்’ இசையில் டூபாவும் ஹார்ன்களும் செய்யும் வேலையை இங்கே ஒரே கை செய்கிறது. ராக்டைமின் எலும்புக்கூடு மார்ச் இசையிலிருந்து வந்தது என்பதற்கு இது நேரடிச் சான்று.

வலது கை இந்தச் சீருக்கு எதிராக நகரும். ‘தி என்டர்டெய்னர்’ மெட்டின் முதல் பாரையே எடுத்துக்கொள்வோம். அது சி மேஜரில் இருக்கிறது; சி என்பதை ச என்று வைத்துக்கொண்டால், முதலில் ரி, அதை ஒட்டிய கறுப்புக் கட்டை என்று இரண்டு சிறு சுரங்கள் எடுப்பாக வரும். அதன்பின் பார் தொடங்குகிறது: க, மேல் ச, க, மேல் ச, க, மேல் ச. இவ்வளவுதான் சுரங்கள். விஷயம் அவற்றின் நீளத்தில் இருக்கிறது. க ஒவ்வொன்றும் ஒரு மாத்திரை. மேல் ச ஒவ்வொன்றும் இரண்டு மாத்திரை. ஆக ஒரு ஜோடிக்கு மூன்று. முதல் ஜோடி மூன்று, இரண்டாவது ஜோடி மூன்று, மூன்றாவதுக்கு இந்தப் பாரில் மிஞ்சுவது இரண்டே மாத்திரை. தகிட தகிட தக. கடைசி மேல் ச இந்தப் பாரில் முடியாமல், கோட்டைத் தாண்டி அடுத்த பாரின் முதல் அடிமேல் நீண்டு கிடக்கும்.

இப்போது இடது கையால் தொடையில் 1, 3, 5, 7 என்று தட்டிக்கொண்டே வாயால் தகிட தகிட தக சொல்லுங்கள். ‘த’ விழும் இடங்கள் 1, 4, 7. மேல் ச விழும் இடங்கள் 2, 5, 8. உயரமாகவும் நீளமாகவும் இருப்பதால் காது மேல் ச-வைத்தான் பிடித்துக்கொள்கிறது. முதலாவது மேல் ச அடிக்கு ஒரு மாத்திரை பிந்தி வருகிறது. இரண்டாவது சரியாக இரண்டாம் அடிமேல் வந்து அமர்கிறது. மூன்றாவது அடுத்த அடிக்கு ஒரு மாத்திரை முந்திக்கொள்கிறது. பிந்துதல், சேர்தல், முந்துதல் மூன்றும் ஒரே பாருக்குள் நடந்து முடிகின்றன. அடியை விட்டு விலகி அழுத்தம் விழுவதைச் சிங்கோபேஷன் என்பார்கள். இடது கை நகராமல் நிற்பதால்தான் வலது கை விலகுவது காதுக்குத் தெரிகிறது. இடது கை தடுமாறினால் விலகல் வெறும் பிழையாகக் கேட்கும்.

வடிவமும் மார்ச்சிலிருந்து வந்ததே. ஒரு ராக் என்பது பொதுவாக நான்கு தனித்தனி மெட்டுகள் கொண்டது. ஒவ்வொன்றும் 16 பார். முதல் மெட்டு இரண்டு முறை, இரண்டாவது இரண்டு முறை, மறுபடி முதல் மெட்டு ஒரு முறை, பிறகு மூன்றாவது இரண்டு முறை, நான்காவது இரண்டு முறை. மூன்றாவது மெட்டில் சுருதி மாறும்: அதுவரை ம ஆக இருந்த சுரம் ச ஆகிவிடும். ‘தி என்டர்டெய்னர்’ சி-யிலிருந்து எஃப்-க்குப் போகிறது. ‘மேப்பிள் லீஃப் ராக்’ ஏ ஃபிளாட்டிலிருந்து டி ஃபிளாட்டுக்குப் போகிறது. இரண்டும் நான்காவது மெட்டில் பழைய சுருதிக்குத் திரும்புகின்றன. கேட்கும்போது இந்த மூன்றாவது மெட்டு தொடங்கும் இடத்தைக் காது பிடித்துவிட்டால், பாதி வடிவம் பிடிபட்ட மாதிரி.

கணக்குப் போட்டால் ஒன்பது முறை 16 பார், மொத்தம் 144 பார், 288 அடி. நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். யாராவது ஒரு ராக்கை எல்லா மெட்டும் திரும்ப வரும்படி வாசித்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டால், அது ஜோப்ளின் கேட்ட வேகம் அல்ல.

டெக்சாஸிலிருந்து செடேலியாவுக்கு

ஜோப்ளினின் பிறந்த நாள் 1868 நவம்பர் 24 என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது தவறு. 1870 கோடையில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அவருக்கு வயது இரண்டு என்று பதிவாகியிருக்கிறது. எனவே 1867-ன் பிற்பாதியிலோ 1868-ன் தொடக்கத்திலோ, டெக்சாஸின் வடகிழக்கு மூலையில் பிறந்திருக்க வேண்டும். வளர்ந்தது டெக்சர்கானா என்ற ரயில்வே ஊரில். அப்பா ஜைல்ஸ் ஜோப்ளின் வட கரோலினாவில் அடிமையாக இருந்தவர், வயலின் வாசிப்பார். அம்மா ஃபுளோரன்ஸ் கென்டக்கியில் சுதந்திரமானவராகப் பிறந்தவர். பாடுவார், பான்ஜோ வாசிப்பார். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து பிள்ளையை ஆளாக்கினார். ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய யூத ஆசிரியர் சிறுவனின் திறமையைப் பார்த்து, காசு வாங்காமல் ஐரோப்பியச் செவ்வியல் இசையைக் கற்றுக்கொடுத்தார். ஓபரா என்ற கனவு ஜோப்ளினுக்குள் விழுந்தது இங்கேதான் என்று நம்பக் காரணம் இருக்கிறது. கடைசிவரை அந்தக் கனவு அவரை விடவில்லை.

1890-களின் நடுவில் மிசௌரி மாநிலத்தின் செடேலியா நகருக்கு வந்தார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த ரயில்வே ஊர். அங்கே கறுப்பினத்தவருக்கான குயின் சிட்டி பேண்டில் கார்னெட் என்ற ஊதுவாத்தியம் வாசித்தார், கிளப்புகளில் பியானோ வாசித்தார், இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதே ஊரில் இருந்த ஜார்ஜ் ஆர். ஸ்மித் கல்லூரியில் இசையும் படித்தார். அந்தக் கல்லூரி 1925-ல் எரிந்துபோனதால் என்ன படித்தார் என்பதற்கான பதிவேடு மிஞ்சவில்லை.

ராக்டைமை ஜோப்ளின் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியல்ல. தெற்கு மாநிலங்களின் கறுப்பின இசைக்காரர்கள் பான்ஜோவிலும் பியானோவிலும் இந்த விலகிய தாளத்தை வெகு காலமாக வாசித்து வந்தார்கள். ‘கேக்வாக்’ நடனத்தில் அது இருந்தது. ‘ராக்’ என்ற பெயரோடு பியானோ இசை அச்சானது 1897-ல். முதலில் வந்தது வில்லியம் க்ரெல் என்ற வெள்ளையரின் ‘மிசிசிப்பி ராக்’. அதே ஆண்டின் இறுதியில் செயின்ட் லூயிஸின் டாம் டர்ப்பின் எழுதிய ‘ஹார்லெம் ராக்’ வந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் எழுதி அச்சான முதல் ராக் என்று இதைச் சொல்கிறார்கள். அக்காலத்தில் ராக்டைம் என்ற பெயரில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் மேடைப் பாட்டுகளும் ஏராளமாக விற்றன. அந்தச் சேற்றிலிருந்து இந்தத் தாளத்தைப் பிரித்தெடுத்து, ஐரோப்பியச் செவ்வியல் இசைமேதை சோப்பானின் வால்ட்ஸ் என்ற மூன்றடி நடன இசை எழுதப்பட்ட அதே அக்கறையோடு தாளில் எழுதியதுதான் ஜோப்ளினின் சாதனை.

ஒரு பிரதிக்கு ஒரு சென்ட்

அன்று இசை வணிகம் என்றால் அச்சடித்த தாள் விற்பதுதான். இசைத்தட்டு இன்னும் வீடுகளுக்குப் பரவவில்லை. நடுத்தரக் குடும்பங்களில் பியானோ இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் கடையில் புதுத் தாள் வாங்கிப்போய் வாசித்தார்கள். இசையமைப்பாளர்களில் பெரும்பாலோர் பத்து, இருபது டாலருக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். பிறகு லட்சம் பிரதி விற்றாலும் அவர்களுக்கு எதுவும் கிடையாது.

1899 ஆகஸ்ட் 10-ஆம் தேதி செடேலியாவின் இசைக்கடைக்காரர் ஜான் ஸ்டார்க்கும் ஜோப்ளினும் ‘மேப்பிள் லீஃப் ராக்’ வெளியிட ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வழக்கறிஞர் ஒருவர் உதவியோடு எழுதிய அந்த ஒப்பந்தத்தின் விவரங்கள் கிடைத்திருக்கின்றன: விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சென்ட் ராயல்டி, இசையமைப்பாளருக்குப் பத்துப் பிரதிகள் இலவசம், மேற்கொண்டு வேண்டுமானால் பிரதி ஐந்து சென்ட் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், சில்லறை விலை 25 சென்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு சென்ட் என்பது இன்று அற்பமாகத் தோன்றும். கறுப்பின இசையமைப்பாளர் ஒருவருக்கு அன்று ராயல்டி கிடைத்ததே அரிது.

முதல் ஆண்டில் சுமார் 400 பிரதிகள் விற்றன. அதாவது ஜோப்ளினுக்கு நான்கு டாலர். வெளிவந்த சில மாதங்களிலேயே பத்து லட்சம் விற்றது என்று படித்தால் நம்பாதீர்கள். மெதுவாகத்தான் விற்றது, ஆனால் நிற்காமல் விற்றது. 1909-க்குள் விற்பனை ஐந்து லட்சத்தை நெருங்கியது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அப்படியானால் பத்து ஆண்டுகளில் சுமார் 5,000 டாலர். கிளப்பில் வாசித்துப் பிழைக்க வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தி, உட்கார்ந்து எழுத அவகாசம் தந்தது இந்தப் பணம்தான். அந்த ஒரு சென்ட் இல்லாமல் போயிருந்தால் பின்னால் வந்த பல இசைகள் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

1901-ல் செயின்ட் லூயிஸுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த சில ஆண்டுகள்தான் அவருக்குப் பொற்காலம்: ‘தி ஈசி வின்னர்ஸ்’, ‘எலீட் சிங்கோபேஷன்ஸ்’, ‘தி என்டர்டெய்னர்’. 1904-ல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் நீர்வீழ்ச்சித் தோட்டத்தைப் பார்த்து ‘தி காஸ்கேட்ஸ்’ எழுதினார். அதே ஆண்டு ஜூனில் ஃபிரெடி அலெக்சாண்டரை மணந்தார். சளி நிமோனியாவாக முற்றி, செப்டம்பரில் ஃபிரெடி இறந்துபோனார். வயது 20. ‘தி கிரிசாந்திமம்’ அவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. 1905-ல் வந்த ‘பெத்தேனா’ என்ற வால்ட்ஸும் அந்தத் துக்கத்தில் எழுதியது என்று பலர் கருதுகிறார்கள். மூன்றடித் தாளத்தில் சிங்கோபேஷனை வைத்து எழுதிய அந்த இசையில் ராக்டைமின் துள்ளல் முழுவதுமாக அடங்கிவிடுகிறது. ஜோப்ளினைக் குதூகல இசைக்காரர் என்று மட்டும் நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இது.

ஓபராக்கள்

ஜோப்ளின் இரண்டு ஓபரா எழுதினார். முதலாவது, 1903-ல் எழுதிய ‘எ கெஸ்ட் ஆஃப் ஹானர்’. 1901-ல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார்; தெற்கு மாநிலங்களின் வெள்ளையர்கள் கொதித்துப்போனார்கள். அந்தச் சம்பவமே கதை. ஒரு குழுவைத் திரட்டி ஊர் ஊராக அழைத்துச் சென்றார்; பயணம் நொடித்துப்போனது. காப்புரிமைக்கு விண்ணப்பம் பதிவானது, ஆனால் அதோடு தர வேண்டிய பிரதி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. இன்று அதன் ஒரு பக்கம்கூட நம்மிடம் இல்லை. அச்சாகாத இசைக்கு என்ன கதி நேரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இரண்டாவது ‘ட்ரீமோனிஷா’. 1907-ல் நியூயார்க் சென்ற ஜோப்ளின் அதற்காகவே உழைத்தார். பாடல் வரிகளையும் அவரே எழுதினார். கதை 1884-ல், டெக்சர்கானாவுக்கு அருகே அர்கன்சாஸ் பண்ணை ஒன்றில் நடக்கிறது. மரத்தடியில் கிடைத்த குழந்தை ட்ரீமோனிஷா. அந்த ஊரில் படித்தவள் அவள் ஒருத்திதான். மந்திரம், தாயத்து என்று மக்களை ஏமாற்றுபவர்கள் அவளைக் கடத்துகிறார்கள். மீண்டு வந்தவள் அவர்களை மன்னிக்கச் சொல்கிறாள். ஊர் அவளைத் தலைவியாக ஏற்கிறது. ஒரு பெண்ணைத் தலைவியாக வைத்து, கல்விதான் விடுதலை என்று சொல்லும் கதையை ஒரு கறுப்பின ஆண் 1911-ல் எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல்.

வெளியிட யாரும் முன்வரவில்லை. ராயல்டி தகராறில் ஸ்டார்க்கோடு உறவு முன்பே முறிந்திருந்தது. 230 பக்கப் பியானோ-குரல் பிரதியை 1911-ல் தன் சொந்தக் காசில் அச்சடித்தார். 1915-ல் ஹார்லெமில், ஆர்கெஸ்ட்ரா இல்லை, காட்சியமைப்பு இல்லை, தானே பியானோ வாசித்து அதை ஒருமுறை நிகழ்த்திக் காட்டினார். எடுபடவில்லை. அதற்குள் சிஃபிலிஸ் நோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கியிருந்தது. பென்சிலின் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. 1917 தொடக்கத்தில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி இறந்தார். ஐம்பது வயது ஆகவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு பதிவாகி அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. குவீன்ஸ் பகுதியின் செயின்ட் மைக்கேல்ஸ் கல்லறையில் புதைத்தார்கள். 1974 வரை அங்கே பெயர்ப்பலகைகூட இல்லை.

தாள் மிஞ்சியது

ஜோப்ளின் வாசித்த இசைத்தட்டு ஒன்றுகூடக் கிடையாது. இருப்பவை 1916-ல் செய்த சில பியானோ ரோல்கள் மட்டுமே. ரோல் என்பது துளையிட்ட காகிதச் சுருள்; தானியங்கிப் பியானோவில் மாட்டினால் துளைகளுக்கேற்பக் கட்டைகள் இறங்கும். எந்தச் சுரம், எப்போது என்பது பதிவாகும். எவ்வளவு அழுத்தம் என்பது இத்தகைய ரோல்களில் பதிவாகாது. போதாக்குறைக்கு, தயாரிப்பாளர்கள் கையால் கூடுதல் துளைகள் போட்டுத் திருத்துவதும் வழக்கம். அப்போது ஜோப்ளினின் உடலும் தளர்ந்திருந்தது. எனவே இணையத்தில் ‘ஜோப்ளின் தானே வாசித்தது’ என்று கிடைப்பதைக் கேட்டு, அவர் இப்படித்தான் வாசித்தார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நம்பத்தக்க சாட்சி அச்சடித்த தாள்தான். மறுமலர்ச்சியும் அங்கிருந்தே தொடங்கியது. 1970-ல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற இசையறிஞர், அதுவரை மதுக்கடைப் பியானோபோல வேகமாகத் தட்டப்பட்டு வந்த ராக்குகளை, தாளில் உள்ளபடி நிதானமாக வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். செவ்வியல் இசை வெளியீட்டில் யாரும் எதிர்பாராத விற்பனை அது. 1971-ல் நியூயார்க் பொது நூலகம் ஜோப்ளினின் படைப்புகளைத் தொகுதிகளாக வெளியிட்டது. 1972-ல் அட்லாண்டாவில் ‘ட்ரீமோனிஷா’ முதல்முறையாக முழு மேடையேறியது. ஜோப்ளினின் ஆர்கெஸ்ட்ரா பிரதி தொலைந்துவிட்டதால் பியானோ பிரதியிலிருந்து புதிதாக வாத்தியம் அமைக்க வேண்டியிருந்தது. இன்று நாம் கேட்கும் எந்த ‘ட்ரீமோனிஷா’விலும் வாத்திய அமைப்பு வேறொருவருடையது.

1973-ல் வந்த ‘தி ஸ்டிங்’ திரைப்படம் மார்வின் ஹேம்லிஷின் வாத்திய அமைப்பில் ஜோப்ளினின் இசையைப் பயன்படுத்தி ஆஸ்கர் பெற்றது. அடுத்த ஆண்டு ‘தி என்டர்டெய்னர்’ அமெரிக்கப் பாப் பாடல் வரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது. படத்தின் கதை 1936-ல் நடக்கிறது; அந்தக் காலத்துக்குள் ராக்டைம் மறைந்து வெகு நாளாகியிருந்தது. ராக்டைம் 1930-களின் இசை என்ற தவறான எண்ணம் பலரிடம் இருப்பதற்கு இந்தப் படமும் ஒரு காரணம். 1976-ல் ஜோப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருது அளிக்கப்பட்டது.

எதிலிருந்து கேட்பது

‘தி என்டர்டெய்ன’ரை முழுதாக, நான்கு மெட்டும் வரும் பியானோ பதிவாகக் கேளுங்கள்; பிரபலமான முப்பது வினாடித் துண்டு முதல் மெட்டு மட்டுமே. அடுத்து ‘மேப்பிள் லீஃப் ராக்’. அதன் முதல் மெட்டின் 7, 8-ஆம் பார்களில் இடது கை தன் வழக்கமான தாவலை விட்டுவிட, இசை அடித்தட்டிலிருந்து மேலே படியேறுவதைக் கவனியுங்கள். பிறகு ‘பெத்தேனா’. பிறகு 1909-ல் வந்த ‘சோலஸ்’. ஹபனேரா என்ற கியூப நடனத் தாளத்தில் அமைந்த மெக்சிகன் பாணி இசை, ராக்டைமே அல்ல என்றுகூடச் சொல்லலாம். ‘மேக்னெடிக் ராக்’ 1914-ல் வந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான கடைசி ராக், மைனர் சுருதிகளின் நிழல் படிந்தது. அக்காலத்தின் மற்ற ராக்டைம் இசையமைப்பாளர்களான ஜேம்ஸ் ஸ்காட், ஜோசப் லாம்ப் இருவரையும் இதற்குப்பின் தேடினால் ஒப்பிட்டுப் பார்க்கக் காது தயாராக இருக்கும்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு

ஜோப்ளினின் தாள்கள் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைத்தாள் இணையத்தளத்தில் மூல அச்சுப் பிரதிகளையே இலவசமாக இறக்கலாம். எளிமையாக்கிய பதிப்புகளை வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: மேலே சொன்ன முதல் பாரில் மேல் ச 2, 5, 8-இல் விழுகிறதா? பல எளிய பதிப்புகளில் சிங்கோபேஷனை நேராக்கி, எல்லாச் சுரத்தையும் அடிமேல் வைத்துவிடுகிறார்கள். மெட்டு இருக்கும், ராக்டைம் இருக்காது. இடது கையைச் சுருக்கி, வலது கைத் தாளத்தைத் தொடாமல் விட்ட பதிப்பே நல்லது. 61 கட்டை கீபோர்டில் கீழ் ஆக்டேவ்கள் சில எட்டாமல் போகும். அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறாத கீபோர்டில் அடிநாதமும் கார்டும் ஒரே கனத்தில் கேட்டு இசை தட்டையாகிவிடும்.

முதல் வாரங்களில் இடது கை மட்டும். மெட்ரோனோமை, அதாவது தாளம் தட்டும் கருவியை, நிமிடத்துக்கு 50 என்று வைத்து, அடிநாதம், கார்டு, அடிநாதம், கார்டு. தாவல் ஓர் ஆக்டேவுக்கு மேல் இருக்கும். பிழை வருவது பெரும்பாலும் கை கார்டை அழுத்திவிட்டு அங்கேயே தங்குவதால். கார்டு ஒலித்த அதே கணத்தில் கை அடுத்த அடிநாதத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். சுண்டு விரல் கட்டையைத் தொட்டு நின்ற பிறகே அழுத்த வேண்டும். கார்டு எப்போதும் அடிநாதத்தைவிட மெல்லியதாக இருக்கட்டும்.

வலது கையை உடனே சேர்க்காதீர்கள். ஜோப்ளினே 1908-ல் ‘ஸ்கூல் ஆஃப் ராக்டைம்’ என்று ஆறு பயிற்சிகள் கொண்ட சிறு வெளியீடு போட்டார். சிங்கோபேஷன் உள்ள ஒவ்வொரு சுரமும் இடது கையின் எந்த அடியோடு சேர்கிறது, எதைத் தாண்டி நீள்கிறது என்பதைப் புள்ளிக்கோடுகள் போட்டுக் காட்டியிருப்பார். அதையே உங்கள் தாளில் பென்சிலால் செய்யலாம்: ஒரு பாரை எட்டாகப் பிரித்து, இரண்டு கையும் சேர்ந்து விழும் இடங்களில் மட்டும் நேர்க்கோடு. பிறகு மேசைமேல் இரண்டு கைகளாலும் தட்டிப் பாருங்கள். தட்ட வராததை வாசிக்க முடியாது.

இணைப்புக்கோடு போட்டு அடுத்த பாருக்கு நீளும் சுரத்தை மறுபடி அடிப்பதுதான் ஆரம்பக்காரர்கள் அதிகம் செய்யும் பிழை. இடது கை அடிமேல் விழும்போது வலது கையும் கூடவே விழத் துடிக்கும். அங்கே வலது கை சும்மா இருப்பதுதான் இசை. அடுத்தது, மாத்திரைகளை நெடில்-குறில் என்று ஆடவைப்பது. அந்தப் பழக்கம் பிற்கால ஜாஸுக்கு உரியது. இங்கே எட்டு மாத்திரையும் சமமாக இருந்தால்தான் முந்துவதும் பிந்துவதும் துல்லியமாக விழும். சுரங்களை நீடிக்க வைக்கும் கால்மிதியான பெடல் மூன்றாவது வில்லங்கம். பாருக்கு ஒருமுறை அழுத்திப் பிடித்தால் அடிநாதமும் கார்டும் கலங்கி இடைவெளிகள் அடைபட்டுப்போகும். அடிநாதத்தில் லேசாக அழுத்திக் கார்டுக்கு முன் எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பெடலே வேண்டாம். வலது கை ஆக்டேவ்கள் எட்டாத சிறிய கை என்றால் கீழ்ச் சுரத்தை விட்டுவிடலாம். மெட்டு மேல் சுரத்தில்தான் இருக்கிறது.

வேகம். 1905 வாக்கிலிருந்து ஜோப்ளினின் தாள்களில் ஓர் எச்சரிக்கை அச்சாகத் தொடங்கியது: இதை வேகமாக வாசிக்காதீர்கள், ராக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதும் சரியல்ல. ‘தி என்டர்டெய்ன’ரின் தலையிலும் அவசரம் கூடாது என்றே குறிப்பு இருக்கிறது. 50-இல் தொடங்கி, ஒரு பக்கம் தடுமாறாமல் மூன்று முறை வந்த பிறகு நான்கு நான்காகக் கூட்டுங்கள். 72-க்கும் 80-க்கும் இடையில் அது நன்றாக நிற்கும். ‘மேப்பிள் லீஃப் ராக்’கில் இருப்பது மார்ச் வேகம் என்ற குறிப்பு, 88, 92 வரை போகலாம். மூன்றாவது மெட்டில் சுருதி மாறும் இடத்தில் கை தானாக வேகமெடுக்கும், எனவே மெட்ரோனோமை அணைத்துப் பழகும்போது அந்தப் பக்கத்தைத் தனியே பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள்.